பாதையும் பாலமும்: காசு எந்த வழியால் வர வேண்டும்?

போன தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை 18 தயிர்ச்சட்டியும் 6 போத்தல் நெய்யும் ஏற்றிய முச்சக்கரவண்டி ஒன்று மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள எங்கள் கடை வாசலிலிருந்து புறப்பட்டது. வாங்கியவர் நேரில் வரவில்லை. காசை வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி வட்ஸ்அப்பில் ஒரு ஸ்லிப் போட்டிருந்தார். பச்சை நிறத்தில் சரி அடையாளம், தொகை, திகதி, எங்கள் கணக்கின் கடைசி 4 இலக்கம் எல்லாம் சரியாக இருந்தன. காசு மட்டும் இன்றுவரை வரவில்லை. பழைய ஸ்லிப் ஒன்றில் திகதியையும் தொகையையும் மாற்றியிருந்தார்கள் என்பது மூன்றாம் நாள்தான் விளங்கியது. அதற்குள் அந்த நம்பர் நிறுத்தப்பட்டுவிட்டது.

எங்கள் கூட்டில் 14 பெண்கள். கொக்கட்டிச்சோலை தொடக்கம் வெல்லாவெளி வரை, வாவிக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். தயிர், நெய், அரிசிமா, மிளகாய்த்தூள், பன்பாய் என்று அவரவர் வீட்டில் செய்வதைக் கல்லடியில் ஒரு சின்னக் கடையில் வைத்து விற்கிறோம். நான் கணக்கு எழுதுகிறவன். ஸ்லிப் விவகாரத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருத்தி இனிமேல் கைக்காசு மட்டும் என்றாள், இன்னொருத்தி கியூஆர் பலகை என்றாள், மகனைக் கட்டாருக்கு அனுப்பியிருப்பவர் கார்ட் மெசினே வாங்கிவிடலாம் என்றார். கடைசியில் பொருளாளர் அக்காதான் முடித்தார்: "தம்பி, இனி எந்த வழியால காசு வாங்கிற எண்டு நீ ஒருக்கா எழுதிக் கொண்டா. எந்த வழியில ஆர் பொறுப்பு எண்டதையும் சேத்து எழுது."

அந்த இரண்டாவது வசனம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் ஊரில் 'பாதை' என்றால் வெளியூர்க்காரருக்குத் தெருதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனைப் பாலம் திறந்தது 2014 இல். அதற்கு முன் கொக்கட்டிச்சோலையிலிருந்து தயிர் இந்தப் பக்கம் வருவதென்றால் பாதையில் வர வேண்டும். பாதையில் ஏறிய பிறகு நடுவாவியில் நாங்கள் பாதைக்காரரின் கையில். எத்தனை பேரை ஏற்றுகிறார், எவ்வளவு கேட்கிறார், காற்றடித்தால் புறப்படுவாரா என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். பாலத்தில் அப்படி இல்லை. பாலம் எல்லாருக்கும் பொது. அதன் மேல் பஸ் விடுகிறவர் விடட்டும், மோட்டார் சைக்கிளில் போகிறவர் போகட்டும். ஆனால் பாலத்தைக் கட்ட ஆள் வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். அதுவரைக்கும் பாதை இல்லாவிட்டால் மறுகரையில் கிடக்க வேண்டியதுதான்.

காசு வரும் வழிகளையும் நான் இப்படித்தான் பார்த்தேன். வாங்குகிறவரின் கையை விட்டு எங்கள் கைக்கு வரும்வரை நடுவில் அந்தக் காசு எவரிடம் இருக்கிறது? அங்கே தவறினால் எந்தக் கதவைத் தட்டலாம்? வேகம், கழிவு (நடுவில் பிடிக்கும் கட்டணம்), வசதி எல்லாம் பிறகு. நாடுகள் இதற்குச் சட்டம் போட்ட விதத்தைப் பார்த்தாலும் அந்த இரண்டு கேள்விக்கு அவை சொன்ன பதில்தான் வேறுபடுகிறது. தொழிலை விடுவதா தடுப்பதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை.

முதலில் இப்போது நாங்கள் போகும் வழி: வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பிவிட்டு ஸ்லிப் போடுவது. மட்டக்களப்பில் பாதி வியாபாரம் இதில்தான் ஓடுகிறது. காத்தான்குடியில் புடவை மொத்த வியாபாரம் செய்பவரும் இதைத்தான் நம்புகிறார், முகநூலில் கேக் விற்கும் பிள்ளையும் இதைத்தான் நம்புகிறாள். காசு போகும் தடத்தில் பிழை இல்லை. மத்திய வங்கியும் மற்ற வங்கிகளும் பங்குதாரராக உள்ள லங்காகிளியர் நிறுவனம், இப்போது பெயர் லங்காபே, 2015 இல் செப்ட்ஸ் என்ற இணைப்பைத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இரவு பகல், ஞாயிறு, போயா என்று பாராமல் காசு அந்தக் கணமே போகிறது. கட்டணம் சில பத்து ரூபா. 2005 ஆம் ஆண்டின் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி இதையெல்லாம் மேற்பார்வை செய்கிறது. நடுவில் காசை வைத்திருப்பது வங்கிகள்தான். பாதைக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை.

பிழை ஸ்லிப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துத் தயிர் கொடுப்பது, ஐயாயிரம் ரூபாத் தாளின் போட்டோவைக் காட்டியவருக்குத் தயிர் கொடுத்த மாதிரி. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் பொருளை விட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குறுஞ்செய்தி கணக்குக்காரரின் போனுக்கு வரும். எங்கள் கணக்குக்காரர் பொருளாளர் அக்கா, அவர் இருப்பது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். மழை இருட்டினால் அங்கே சிக்னல் இல்லை. வந்தாலும் ஆங்கிலத்தில் வரும். அக்கா இலக்கத்தை மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்லுவார். காசு வந்ததா போனதா என்ற சொல்லை அவரால் வாசிக்க முடியாது. ஒருமுறை வங்கி அறவிட்ட கட்டணத்தை வரவென்று நினைத்து எனக்குச் சொன்னார். தமிழில் ஒரு வரி அனுப்புவதற்கு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் தேவையில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் மாவுக்காரருக்குக் காசு அனுப்பும்போது கணக்கு இலக்கத்தில் ஒரு எண்ணை நான் மாற்றி அடித்துவிட்டேன். செயலி அன்று பெயரைக் காட்டவில்லை, காசு யாரோ ஒருவரின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. கிளைக்குப் போனால், அந்த ஆள் சம்மதித்தால்தான் திருப்பி எடுக்கலாம் என்றார்கள். அவர் நல்ல மனிசன், ஐந்தாம் நாள் சம்மதித்தார். சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்குக் கிளையில் எவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பிரித்தானியாவில், ஏமாற்றிப் பறித்த காசுக்காவது, நட்டம் எவருக்கு என்று சட்டமே பதில் எழுதியிருக்கிறது. 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே காசை அனுப்பியவருக்கு 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி. கள்ளனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியும் பாதியைக் கட்ட வேண்டும் என்றால், அடுத்த கணக்கைத் திறக்கும்போது கொஞ்சம் கண் திறந்து பார்க்கும். சிங்கப்பூர் அதே வருடம் டிசெம்பர் 16 இல் வேறு விதமாகப் பிரித்தது. போலி இணையத்தளம் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடிகளில், வங்கி தன் கடமையைச் செய்ததா என்று முதலில் பார்ப்பார்கள். தவறியிருந்தால் நட்டம் வங்கிக்கு. வங்கி சரியென்றால் தொலைபேசிக் கொம்பனியைப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் சரியென்றால் வாடிக்கையாளர் தலையில். எனக்குச் சிங்கப்பூர் வழிதான் எங்கள் நாட்டுக்குப் பொருந்தும் போலத் தெரிகிறது. பிரித்தானிய வழியை இங்கே அப்படியே கொண்டுவந்தால் வங்கிகள் அந்தச் செலவைக் கட்டணமாக எங்கள் மேல்தான் இறக்கும். தொலைபேசிக் கொம்பனியையும் பொறுப்பில் இழுத்ததுதான் சிங்கப்பூரின் கெட்டித்தனம். எங்கள் ஊரில் மோசடி முக்கால்வாசி குறுஞ்செய்தியிலும் அழைப்பிலும்தான் தொடங்குகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் தயிருக்கு நடந்தது இந்த இரண்டு சட்டத்துக்குள்ளும் வராது. காசே அனுப்பப்படவில்லையே! அது பழைய காலத்துக் கள்ளத்தனம், பொலிசில் முறைப்பாடு கொடுக்க வேண்டிய விஷயம். கொடுத்தோம்.

அடுத்தது போன் காசு. தொலைபேசிக் கொம்பனியான டயலொக் 2012 இல் ஈசி காஷ் தொடங்கியது, இன்னொரு கொம்பனியான மொபிட்டல் அடுத்து எம்-காஷ். ரீலோட் போடும் கடையில் கைக்காசைக் கொடுத்தால் அது போனில் ஏறும். இன்னொருவர் போனுக்கு அனுப்பலாம். அவர் தன் ஊர் ரீலோட் கடையில் மாற்றிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கும் வேண்டாம், ஸ்மார்ட் போனும் வேண்டாம், பட்டன் போன் போதும். இது சரியான பாதை: காசு நடுவாவியில் தொலைபேசிக் கொம்பனியிடம் இருக்கிறது. அப்படியென்றால் கொம்பனி கவிழ்ந்தால்? மத்திய வங்கி இதை முன்கூட்டியே யோசித்தது. 2011 இலேயே வழிகாட்டல் போட்டு, வாடிக்கையாளரின் காசை ஒரு வங்கியில் பாதுகாப்புக் கணக்காகத் தனியே வைக்க வேண்டும், கொம்பனி தன் செலவுக்குத் தொடக் கூடாது என்று கட்டியது. சட்டம் முதலில் வந்தது, சேவை அதற்குப் பிறகு.

கென்யாவில் தலைகீழ். சபாரிகொம் என்ற தொலைபேசிக் கொம்பனி 2007 மார்ச்சில் எம்-பேசா என்ற போன் காசைத் தொடங்கியபோது அதற்கென்று அங்கே சட்டம் இல்லை. மத்திய வங்கி தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுத்து, காசை வங்கியில் நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கச் சொல்லி, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது. தேசிய கொடுப்பனவு முறைச் சட்டம் வந்தது 2011 இல். அந்த 4 வருடத்துக்குள் நாடே எம்-பேசாவில் ஏறிவிட்டது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, சட்டம் பிந்தினால்தான் தொழில் வளரும் என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அதை முழுதாக நம்பவில்லை. கென்யாவில் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் மிகப் பலர், கிளை தூரத்தில், நைரோபியில் உழைப்பவர் ஊருக்குக் காசு அனுப்ப பஸ்காரரின் கையில் கொடுத்துவிட வேண்டிய நிலை. எங்கள் பக்கம் அப்படியில்லை. களுவாஞ்சிகுடியில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் வங்கிகள். ஏ.ரி.எம். இருக்கும் இடத்தில் போன் காசு எதற்கு? இங்கே அது மெதுவாக வளர்ந்ததற்குச் சட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அதோடு கென்யாவிலும் ஒரே கொம்பனி சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஒரு கொம்பனியின் போன் காசை இன்னொரு கொம்பனியின் போனுக்கு நேரே அனுப்பும் வசதி அங்கே 2018 இல்தான் வந்தது. ஒரு பாதைக்காரர் துறை முழுவதையும் வளைத்துக் கட்டிவிட்டால் இன்னொருவர் தோணி விட முடியாது.

சீனாவில் இது இன்னும் பெரிதாகப் போனது. அலிபே, வீசாட் பே என்ற இரண்டு போன் காசுச் செயலிகளிலும் மக்கள் போட்டுவைத்த காசு மலையாகக் குவிந்து, அதன் வட்டி கொம்பனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பல வருடம் விட்டுவைத்த பிறகு, 2019 ஜனவரிக்குள் வாடிக்கையாளர் காசு முழுவதையும் மத்திய வங்கியில் வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்தார்கள். 2020 நவம்பரில் அலிபேயின் தாய்க் கொம்பனியான ஆன்ட் பங்குச்சந்தைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது அதையும் நிறுத்தினார்கள். கயிற்றை நீளமாக விட்டுப் பிறகு சட்டென்று இழுத்தால் மாட்டுக்கும் கழுத்து வலி, இழுத்தவனுக்கும் கை காயம். இலங்கை 2011 இல் சின்னதாகக் கட்டியது எனக்கு இதைவிட மேலாகப் படுகிறது, பெருமை பேச ஒன்றும் இல்லாவிட்டாலும்.

எங்கள் கூட்டுக்குப் போன் காசு உதவுமா? வாங்குகிறவர் பக்கம் உதவாது. கல்லடிக்கு வரும் வாடிக்கையாளரில் எவரும் அதில் கட்டுகிறேன் என்று இதுவரை கேட்டதில்லை. கொடுக்கிற பக்கம்தான் அது கைகொடுக்கும். வாரக் கடைசியில் 14 பேருக்கும் பங்குக் காசு பிரிக்கிறோம். அதில் ஐந்து பேரிடம் பட்டன் போன்தான். ஏ.ரி.எம்.முக்குப் போய்வர பஸ் செலவே கணிசம், ரீலோட் கடையோ வீட்டுக்குப் பக்கத்தில். அவர்களுக்கு இதை வைக்கலாம்.

இனி கியூஆர். எங்கள் சனம் இந்தச் சொல்லைக் கற்றது வங்கியில் அல்ல, பெற்றோல் வரிசையில். 2022 நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அட்டை வந்தபோது, கடையில் ஐம்பது ரூபா கொடுத்து அச்சடித்த அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பொலித்தீன் போட்டு முச்சக்கரவண்டியில் தொங்கவிட்டவர்கள்தான் இன்றைக்கு நாங்கள் பார்க்கிற எல்லாரும். அதற்கு முன் 2018 இல் மத்திய வங்கி லங்காகியூஆர் என்று நாடு முழுக்க ஒரே தரத்தை வைத்தது. அதன் பொருள் இதுதான்: கடையில் எந்த வங்கியின் பலகை தொங்கினாலும், வருகிறவர் தன் வங்கியின் செயலியால் கட்டலாம். காசு அவர் கணக்கிலிருந்து எங்கள் கணக்குக்கு நேரே வரும். நடுவில் எவரும் சட்டைப்பையில் போட்டுவைப்பதில்லை. கழிவு உள்ளூர்க் கொடுப்பனவுக்கு நூற்றுக்கு 1 வீதத்தைத் தாண்டாது. அதற்கும் உச்சவரம்பு வைத்தது மத்திய வங்கிதான்.

கட்டுப்பாடு தொழிலை நெரிக்கும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தப் பலகையைத்தான் காட்டுவேன். ஒரே தரம் என்று அதட்டியிருக்காவிட்டால் கடை மேசையில் ஏழு கொம்பனியின் ஏழு பலகை இருந்திருக்கும். 2024 பெப்ரவரி 12 இல், போனிலிருந்து காசு கட்டும் இந்தியாவின் யூபிஐ முறை இலங்கைக்கு வந்தது. லங்காபே ஒரே ஒரு உடன்பாடு செய்ததும், இந்தியாவிலிருந்து வருகிறவர் தன் போனிலிருந்தே இங்கே பலகையைப் பார்த்துக் கட்டும் வழி திறந்தது. பாசிக்குடாவுக்கு வருகிறவர் வழியில் எங்களிடம் நெய் வாங்கினால் இந்தியக் காசை மாற்றத் தேவையில்லை. பொதுப் பலகை இல்லாதிருந்தால் ஒவ்வொரு கொம்பனியும் தனித்தனியாக டெல்லிக்கும் மும்பைக்கும் ஓடியிருக்க வேண்டும்.

இந்தியாவின் கதையையும் முழுதாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் எடுத்ததற்கெல்லாம் இந்தியாவைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 2016 இல் யூபிஐ என்ற பொதுத் தடத்தைப் போட்டார்கள், அதன் மேல் எவரும் செயலி செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். 2020 ஜனவரியிலிருந்து வியாபாரியிடம் கழிவே அறவிடக் கூடாது என்றும் சட்டம். பூக்காரர் தொடக்கம் பழக்காரர் வரை பலகை வைத்தது அதனால்தான். ஆனால் வருமானம் இல்லாத தொழிலில் பெரிய பணப்பை உள்ளவர்தான் நின்றுபிடிக்க முடியும். இன்று அந்தத் தடத்தில் ஓடுவதில் நூற்றுக்குச் சுமார் 80 வீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகளின் வழியாகத்தான். ஒரு செயலிக்கு 30 வீதத்துக்கு மேல் கூடாது என்று 2020 இலேயே விதி எழுதினார்கள். அதை நடைமுறைப்படுத்தும் திகதியைத் தள்ளித் தள்ளி இப்போது 2026 முடிவு வரை கொண்டுபோயிருக்கிறார்கள். பாலம் பொதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் மேல் இரண்டே பஸ் கொம்பனிதான் ஓடுகிறது. அந்த வகையில் இலங்கையின் 1 வீத உச்சவரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இலவசமும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஆயிரம் ரூபாத் தயிருக்குப் பத்து ரூபா கொடுக்கலாம்.

பிரேசில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே மத்திய வங்கியே பிக்ஸ் என்ற தடத்தைக் கட்டி 2020 நவம்பர் 16 இல் திறந்தது. தனிமனிதருக்குக் கட்டணம் இல்லை. அதற்குச் சில மாதம் முன்னால் வட்ஸ்அப் தன் சொந்தக் காசு அனுப்பும் சேவையை அங்கே தொடங்கப் பார்த்தபோது மத்திய வங்கி நிறுத்திவைத்தது. போட்டிக்காரரை மறித்துவிட்டுத் தான் கடை திறந்தது என்று அப்போது பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் ஞாயம் இல்லாமலும் இல்லை. விதி எழுதுகிறவரே கடையும் நடத்தினால் மற்றவர் எவரிடம் போய் முறையிடுவது? ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஆளைக் கடத்திப் போய்த் துவக்கைக் காட்டி போனிலிருந்து காசு அனுப்பவைக்கும் கும்பல்கள் கிளம்பின. 2021 ஒக்டோபரில், இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணி வரை தனியாள் அனுப்பும் காசுக்கு 1,000 ரேயால் (பிரேசில் நாணயம்) வரம்பு போட்டார்கள். அடுத்த மாதமே, மோசடியென்று முறையிட்டால் போய்ச் சேர்ந்த கணக்கில் காசை மறித்துத் திருப்பி எடுக்க ஒரு முறையும் வந்தது. சேவையை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை, கள்ளன் நுழையும் நேரத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள். நான் மாற்றி அடித்த அந்த ஒரு இலக்கத்தை நினைத்துக்கொள்கிறேன். பிக்ஸில் காசு போகும் முன் பெயர் திரையில் வரும்.

எங்கள் பலகைக்கும் குறை இல்லாமல் இல்லை. காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) ஒருவரிடம் கடையில் ஏன் பலகை இல்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "தம்பி, பலகைய வெச்சா நான் என்ன விக்கிறன் எண்டு என்ட பொண்டாட்டிக்கு முன்ன வரிக்காரனுக்குத் தெரியும்" என்றார். வியாபாரிகள் பலகை வைக்கத் தயங்குவதற்குக் கழிவைவிட இந்தப் பயம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் விற்பனை வரி கட்டும் அளவுக்கு இல்லை, ஆனபடியால் எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. இன்னொன்று: பலகையின் மேல் வேறொரு பலகையை ஒட்டிவிட்டுப் போகும் கள்ளம் பல நாடுகளில் நடந்திருக்கிறது. காலையில் கடை திறக்கும்போது ஒருதரம் நாங்களே பத்து ரூபா அனுப்பிப் பார்த்தால் போதும்.

கார்ட் மெசினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசு பத்திரம், மறுப்பு வந்தால் விசாரிக்க முறையும் உண்டு, வெளிநாட்டுக்காரர் கேட்பார். ஆனால் கழிவு பலகையைவிட அதிகம். சில கடைகள் அந்தக் கழிவை வாடிக்கையாளரிடமே கேட்கின்றன. அப்படிக் கேட்கக் கூடாது என்று மத்திய வங்கி அறிவித்தும் இருக்கிறது. அறுகம்பையில் கடை வைத்திருப்பவருக்கு மெசின் தேவை. எங்களுக்கு வேண்டாம்.

கூட்டத்தில் எவரும் சொல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும்: உண்டியல், அதாவது வெளிநாட்டுக் காசை வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் கைமாற்றுவது. ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு இந்தக் கரையில் குறைவு. 2021 கடைசியிலிருந்து 2022 மார்ச் வரை டொலரை 203 ரூபாவுக்கு மேல் விடமாட்டோம் என்று பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடக் கொடுத்தார். வங்கியில் அனுப்பினால் நட்டம் என்று தெரிந்த பிறகு எந்த மகன் வங்கியில் அனுப்புவான்? வெளிநாட்டு உழைப்பாளர் வங்கி வழியாக அனுப்பியது 2020 இல் சுமார் 710 கோடி டொலர். 2021 இல் 550 கோடி. 2022 இல் 380 கோடி. ரூபாவின் பிடியை விட்ட பிறகு 2023 இல் அது 600 கோடியை நெருங்கியது. சட்டம் அன்றைக்கும் உண்டியலுக்கு எதிராகத்தான் இருந்தது. விலையைக் கட்டிப்போட்டது சனத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. எவரின் கதவையும் தட்ட முடியாத வழி அது என்று தெரிந்துகொண்டேதான் போனார்கள். என் பெரியம்மாவும் போனார். இதை எழுதக் காரணம், இறுக்கிப் பிடி என்று சொல்லும்போது எதை இறுக்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காசு நடுவில் எவரிடம் நிற்கிறது என்பதை இறுக்கலாம். நட்டம் எவருக்கு என்பதை இறுக்கலாம். விலையையும் வாசலையும் இறுக்கினால் சனம் வேலியால் பாயும்.

ஆகவே கூட்டத்துக்கு நான் கொண்டுபோன முடிவு இது. கல்லடிக் கடையில் லங்காகியூஆர் பலகை வைப்போம், கணக்கோடு கடையில் நிற்கும் போனை இணைப்போம். அக்காவின் போனுக்குப் போய்த் திரும்ப வேண்டாம். வெளியூர் ஓடர்களுக்கு வங்கி மாற்றல் தொடரட்டும். ஆனால் ஸ்லிப்பை எவரும் திறந்துகூடப் பார்க்கக் கூடாது. கணக்கில் காசு ஏறினால்தான் முச்சக்கரவண்டி நகரும். பட்டன் போன் உள்ள ஐந்து பேருக்கும் பங்குக் காசு போன் வழியாக. கைக்காசு எப்போதும்போல, மின்சாரம் போன நாளில் பலகை வெறும் படம்தான். ஏதாவது தவறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கம். அந்த முறைப்பாட்டுக்குப் பின்னால் 2023 இல் வந்த நிதிசார் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. இலக்கத்தைப் பேனையால் பெரிதாக எழுதிக் கல்லாப்பெட்டியில் ஒட்டியாகிவிட்டது.

எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு வந்தது வில்லங்கம். பலகைக்கு விண்ணப்பிக்க வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும், அதைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். ஆனால் எவரின் பெயரில்? பொருளாளர் அக்கா கையை உதறினார்: "என்ட பேர்ல வேணாம் தம்பி. 14 பேர்ட காசு என்ட பேர்ல கிடந்தா ஊருக்குள்ள என்ன கதைப்பாங்க?" அடுத்தவரும் வேண்டாம் என்றார், அதற்கடுத்தவரும். காசு நடுவில் எவரிடம் இருக்கிறது என்று நான் நாடு நாடாகத் தேடிப் போனேன், கேள்வி எங்கள் பாயிலேயே வந்து குந்திக்கொண்டது. இரண்டு பேரின் கையெழுத்தோடு கூட்டுக் கணக்கு என்று ஒரு யோசனை இருக்கிறது. வருகிற ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம். விண்ணப்பத்தில் பெயர் எழுதும் கோடு வெறுமையாகக் கிடக்கிறது. தயிர்ச்சட்டித் தட்டுக்கு மேலே, வெயில் படாத இடமாகப் பார்த்து, ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறோம்.